மஞ்சள் டேங் மீனில் புள்ளி வந்து மறைந்து மறுபடி வந்திருக்கு: வெண்புள்ளியா, வெல்வெட்டா?

நீலத்திரை:

வணக்கம். 350 லிட்டர் ரீஃப் (கடல்நீர்ப் பவளத்) தொட்டி, 14 மாசமா ஓடுது. உப்படர்த்தி 1.025, வெப்பம் 26 டிகிரி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம், நைட்ரேட் 10. 18 வாட் யு.வி. (புற ஊதா) விளக்குக் குழாய் நிறுத்தாம ஓடுது. மீன்கள்: மஞ்சள் டேங் ஒண்ணு, க்ளவுன் ஜோடி, ராயல் கிராமா, சிக்ஸ்லைன் ராஸ். 11 நாள் முன்னாடி தனிமைப்படுத்தாம நேரா விட்ட ஃப்ளேம் ஏஞ்சல் ஒண்ணு. பவளங்கள், க்ளீனர் இறால் ரெண்டு, நத்தைகளும் உண்டு.

ஆறாம் நாள் டேங்கோட பக்கத் துடுப்புல 10, 12 வெள்ளைப் புள்ளி. ரெண்டு நாள்ல சுத்தமா மறைஞ்சது. இன்னைக்குக் காலையில உடம்பு முழுக்க 50க்கு மேல. பாறையில உரசுது, ஆனா நல்லா சாப்பிடுது. ஏஞ்சலுக்குப் புள்ளி எதுவும் தெரியல. ஒரு கண் மங்கலா இருக்கு, தலையை உதறுது, அடிக்கடி வாயைப் பிளக்குது, நேத்துலேருந்து சாப்பாடு இல்ல. மத்த மீன்கள் இயல்பா இருக்கு.

இது வெண்புள்ளியா, வெல்வெட்டா? வெப்பத்தை 30க்கு ஏத்தலாமா? பூண்டுச்சாறு, இன்னும் ரெண்டு இறால் போதுமா? தொட்டியிலேயே மருந்து போடலாமா? 80 லிட்டர் காலித் தொட்டி ஒண்ணு கைவசம் இருக்கு.

உவர்நீர்:

முதலில் மூச்சை எண்ணுங்கள். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான். ஒவ்வொரு மீனுக்கும் செவுள் மூடி 30 நொடியில் எத்தனை முறை திறக்கிறது என்று பார்த்து இரண்டால் பெருக்கி எழுதி வையுங்கள். வெல்வெட், அதாவது அமைலூடினியம் என்ற ஒட்டுண்ணி, முதலில் செவுளைத்தான் பிடிக்கும். தோலில் தூசு தெரிவதற்கு முன்பே மீன் மூச்சு வாங்கும், பம்ப் தள்ளும் நீரோட்டத்துக்குள் முகத்தைக் கொடுத்து நிற்கும், விளக்கு போட்டதும் ஒளியும், சாப்பாட்டை விடும். அந்த அறிகுறிகள் சேர்ந்து வந்தால் உங்களிடம் இருப்பது பல நாட்கள் அல்ல, சில மணி நேரங்கள்தான். பல சமயம் ஒன்றிரண்டு நாளில் மீன் போய்விடும். வெல்வெட்டின் புள்ளி முகப்பவுடர் தூவியது போல மிக நுண்ணியது, சாய்வான வெளிச்சத்தில் பழுப்பு கலந்த பொன் நிறமாகத் தெரியும். எண்ண முடியாது. எண்ண முடிந்தால், தனித்தனி உப்புக் கல் போல இருந்தால், அது பெரும்பாலும் வெண்புள்ளி, அதாவது க்ரிப்டோகேரியான்.

உங்கள் டேங்கின் புள்ளி வந்து, மறைந்து, பல மடங்காகத் திரும்பியிருக்கிறது. அது க்ரிப்டோகேரியானின் கையெழுத்து. ஒட்டுண்ணி தோலுக்கு அடியில் 3 முதல் 7 நாள் தின்று வளரும். பிறகு தானே மீனை விட்டு இறங்கி மணலிலோ பாறையிலோ ஒட்டிக் கூடு கட்டும். ஒரு கூட்டிலிருந்து நூற்றுக்கணக்கான நீந்தும் குஞ்சுகள் வெளிவரும். புள்ளி மறைந்தது குணமானதால் அல்ல, ஒட்டுண்ணி அடுத்த கட்டத்துக்குப் போனதால். இந்த இடத்தில்தான் பலர் போட்ட மருந்து வேலை செய்தது என்று நம்பி நிறுத்திவிடுகிறார்கள்.

ஏஞ்சலின் கதை வேறு. மங்கிய கண், தலை உதறல், வாய் பிளத்தல், புள்ளியே இல்லாமை: இவை தட்டைப்புழுவைக் காட்டுகின்றன. நியோபெனிடீனியா போன்ற தோல் புழுக்கள் மீனின் மேல் கண்ணாடி போலத் தெளிவாக இருப்பதால் வெறும் கண்ணுக்குத் தெரியாது. நன்னீர்க் குளியல் கொடுத்தால் தெரியும், அதுவே பாதி மருத்துவம்.

கறுப்பு வாளி ஒன்றில் குளோரின் இல்லாத ஆர்.ஓ. நீர் 5 லிட்டர் எடுங்கள். வெப்பம் தொட்டியோடு ஒரு டிகிரிகூட மாறக் கூடாது. ஆர்.ஓ. நீரின் பி.எச். தாழ்வாக இருக்கும். சமையல் சோடாவைச் சிட்டிகை சிட்டிகையாகக் கரைத்து 8.1, 8.2க்கு ஏற்றுங்கள். காற்றுக் கல்லை அரை மணி நேரம் ஓடவிட்ட பிறகே மீனை விடுங்கள். 5 நிமிடம். முதல் நிமிடத்தில் மீன் பக்கவாட்டில் சாய்ந்து செத்தது போலக் கிடக்கலாம், பயந்து உடனே தூக்காதீர்கள். பிறகும் செவுள் அசைவு குறைந்துகொண்டே போனால் மட்டும் எடுங்கள். பி.எச்., வெப்பம் இரண்டையும் அளக்காமல் செய்த குளியல்தான் மீனைக் கொல்கிறது, நன்னீர் அல்ல. புழு இருந்தால் எள்ளளவு வெள்ளைத் தட்டுகளாக உதிர்ந்து கறுப்பு அடியில் கிடக்கும். வெண்புள்ளி தோலுக்குள் புதைந்திருப்பதால் இந்தக் குளியல் அதைத் தொடாது.

மருந்தைப் பெருந்தொட்டியில் போடவே கூடாது. வெண்புள்ளிக்குப் போடும் காப்பர் (செம்பு) மருந்து இறாலையும் நத்தையையும் பவளத்தையும் கொல்லும். பாறையும் மணலும் அதை உறிஞ்சிக்கொள்வதால் மீனுக்கு வேண்டிய அளவும் நிற்காது. இரண்டு பக்கமும் நட்டம்.

நுண்ணோக்கி:

வெப்பம், பூண்டு, இறால் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன், ஏனெனில் இந்த மூன்றில் நாட்களை இழந்துதான் மீன்கள் சாகின்றன.

வெப்பத்தை ஏற்றுவது நன்னீர் வெண்புள்ளிக்கான வைத்தியம். அது இக்தியோப்தைரியஸ் என்ற வேறு உயிரி. கடல்நீர் வெண்புள்ளி தோற்றத்தில் ஒத்திருந்தாலும் அதற்குத் தூரத்து உறவுதான். 30 டிகிரியில் க்ரிப்டோகேரியான் சாகாது, சுழற்சிதான் வேகமாகும். நீரில் கரையும் ஆக்சிஜனும் குறையும். செவுள் புண்ணான மீனுக்கு அது இரட்டைத் தண்டனை.

பூண்டு சில மீனைச் சாப்பிட வைக்கலாம், ஒட்டுண்ணியைக் கொல்லாது. க்ளீனர் இறால் வெளியே ஒட்டிய தட்டைப்புழுவைக் கொத்தும். தோலுக்கு அடியில் இருப்பதை எடுக்க அதனால் முடியாது. யு.வி. தன் குழாய் வழியே போகும் நீந்தும் குஞ்சுகளை மட்டுமே அழிக்கும். ஒட்டுண்ணி பெரும்பாலும் இருள் சூழ்ந்ததும் மீனை விட்டு இறங்கும், குஞ்சுகளும் இருட்டில், விடியலுக்கு முன் வெளிவரும். டேங் இரவில் எப்போதும் ஒரே பாறை இடுக்கில் உறங்கும் மீன். கூடும் அங்கேயே, மீனும் அங்கேயே. ஒரு சாண் தூரத்துக்குள் நடக்கும் தொற்றை யு.வி. எப்படித் தடுக்கும்?

நுண்ணோக்கி கிடைத்தால் ஊகமே வேண்டாம். நுண்ணோக்கிக்கான மெல்லிய கண்ணாடித் தகட்டின் விளிம்பால் புள்ளி உள்ள இடத்தில் தலையிலிருந்து வால் நோக்கி மெதுவாக ஒருமுறை வழித்து, கடல்நீர்த் துளியில் வைத்து 40, 100 மடங்கில் உடனே பாருங்கள். இருண்ட உருண்டை, விளிம்பெங்கும் மயிர், மெதுவாகப் புரண்டால் க்ரிப்டோகேரியான். அசையாத பழுப்புப் பேரிக்காய் வடிவம் என்றால் வெல்வெட். சிறுநீரக வடிவில் சுறுசுறுப்பாக ஊர்ந்தால் ப்ரூக்ளினெல்லா. இந்த மூன்றாவதைக் குறிப்பாகச் சொல்லக் காரணம், அது க்ளவுனை அதிகம் தாக்கும், தோல் சளியாக உரிந்து தொங்கும், காப்பர் அதற்குப் பயன்படாது. 37 சதவீத ஃபார்மலின் லிட்டருக்கு 0.2 மி.லி., பலமான காற்றோட்டத்தில், தனி வாளியில் 45 நிமிடம் தேவைப்படும். ஃபார்மலின் புற்றுநோய் விளைவிப்பது. கையுறையும் திறந்த வெளியும் இல்லாமல் குப்பியைத் திறக்காதீர்கள். அடியில் வெள்ளை வண்டல் படிந்த குப்பி மீனுக்கு நஞ்சு. உங்கள் க்ளவுனில் இன்று அந்த அறிகுறி இல்லை. நாளை வந்தால் காப்பரை நம்பிக் காத்திருக்க வேண்டாம்.

நீலத்திரை:

ரொம்ப நன்றி. மூச்சு எண்ணிக்கை: டேங் 92, க்ளவுன் 70 வாக்கில, கிராமா 76, ராஸ் 80, ஏஞ்சல் 128. யாரும் பம்ப் முன்னாடி நிக்கல, விளக்குக்குப் பயப்படல.

ஏஞ்சலுக்கு 5 நிமிஷக் குளியல் கொடுத்தேன். வாளியில 9 வெள்ளைத் தட்டு, பெருசு 3 மி.மீ. இருக்கும். டேங்குக்குக் கொடுத்ததுல ஒண்ணும் உதிரல, புள்ளியும் அப்படியே இருக்கு. ஆக ரெண்டும் சேர்ந்து இருக்கா? எதை முதல்ல பார்க்கறது? எல்லா மீனையும் எடுக்கணுமா?

உவர்நீர்:

இரண்டும் இருக்கிறது. எல்லா மீனையும் எடுக்க வேண்டும், புள்ளி தெரியாத கிராமாவையும்தான். ஒரு மீன் உள்ளே இருந்தாலும் சுழற்சி அறுபடாது.

காப்பர் புழுவைக் கொல்லாது, ப்ராசிக்வாண்டல் (சுருக்கமாக ப்ராசி) என்ற புழு மருந்து வெண்புள்ளியைக் கொல்லாது. ஆகவே இரண்டும் வேண்டும். ஒரே நாளில் இரண்டையும் தொடங்காதீர்கள். மீன் சாப்பாட்டை நிறுத்தினால் எந்த மருந்தால் என்று தெரியாமல் போகும். ஏஞ்சலின் புழுக்களில் பெரும்பகுதி குளியலிலேயே விழுந்துவிட்டதால் ப்ராசி சில நாள் பொறுக்கலாம். காப்பர் பொறுக்காது.

மருத்துவத் தொட்டி: வெறும் கண்ணாடி அடி, ஒளிய பி.வி.சி. எல்போ துண்டுகள், ஹீட்டர், ஸ்பான்ஜ் ஃபில்டர், காற்றுக் கல். மணல், பாறை, கார்பன் எதுவும் கூடாது. 80 லிட்டரில் ஆறு மீன் நெருக்கடி. டேங்கையும் ஏஞ்சலையும் பிரித்து, இன்னொரு பெரிய பிளாஸ்டிக் தொட்டியும் ஏற்பாடு செய்யுங்கள். தொட்டியின் பெயரளவை நம்பாதீர்கள். லிட்டர் குவளையால் எண்ணி ஊற்றிக் குறித்து வையுங்கள், 80 லிட்டர் தொட்டியில் நிற்பது பெரும்பாலும் 70தான்.

காப்பரில் இரண்டு வகை. கீலேட் செய்தது (வேறொரு சேர்மத்தோடு பிணைத்தது) என்றால் இலக்கு லிட்டருக்கு 2.25 மி.கி., 2.0க்குக் கீழே போகவே கூடாது, 2.5ஐத் தாண்டக் கூடாது. அயனிக் காப்பர் என்றால் இலக்கு 0.5 மட்டுமே. கீலேட்டின் அளவை அயனி வகைக்குப் போட்டால் ஒரே இரவில் எல்லா மீனும் போய்விடும், குப்பியை இருமுறை படியுங்கள். உங்கள் மீன்களுக்குக் கீலேட் வகைதான் என் தேர்வு. 70 லிட்டருக்குத் தேவை சுமார் 158 மி.கி. காப்பர். குப்பியின் செறிவைப் பார்த்துக் கணக்கிட்டு, நான்கு பங்காக்கி, 12 மணி நேரத்துக்கு ஒரு பங்கு. ஏஞ்சலும் ராஸும் மூச்சு வாங்கினால் அடுத்த பங்கை ஒரு வேளை தள்ளிப் போடுங்கள்.

அளவுமானி இல்லாமல் தொடங்காதீர்கள். வண்ண அட்டையில் 1.5க்கும் 2.0க்கும் வித்தியாசம் தெரியாது. மொத்தக் காப்பரை எண்ணாகக் காட்டும் மின்னணுக் கருவி வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் அளங்கள். ஒருநாள் 2.0க்குக் கீழே போனால் எண்ணிக்கை மறுபடி முதல் நாளிலிருந்துதான். காப்பர் நீந்தும் குஞ்சை மட்டுமே கொல்கிறது. மீனுக்குள் இருப்பதும் கூட்டுக்குள் இருப்பதும் தப்பித்துக்கொள்ளும். ஆகவே ஒரு இடைவெளி கிடைத்தாலும் புதிய தொற்று பிடித்துவிடும்.

2.0 ஐத் தொட்ட நாளிலிருந்து 14 நாள். 15ஆம் நாள் மீன்களை, புதிதாகக் கலந்த உப்புநீர் உள்ள, முன்பு பயன்படுத்தாத அல்லது நன்றாக உலர்த்திய தொட்டிக்கு மாற்ற வேண்டும். அதே தொட்டியில் வைத்திருந்தால் 30 நாள் தேவை, கூடுகள் அங்கே இருக்கும்.

ப்ராசி காப்பர் தொடங்கிய 5ஆம் நாள், மீன் சாப்பிடுகிறது என்றால். லிட்டருக்கு 2.5 மி.கி., 70 லிட்டருக்கு 175 மி.கி. தூய தூள். நேராகத் தூவினால் மிதக்கும். சில மி.லி. எத்தனாலில் குழைத்து, தொட்டி நீரோடு குப்பியில் குலுக்கி ஊற்றுங்கள். பாக்டீரியா பெருகி நீர் மங்கும், ஆக்சிஜன் சரியும். இரண்டு காற்றுக் கல் வேண்டும். மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. அதனால் 7 நாள் கழித்து மறுபடி முழு அளவு. ராஸ் ஓரிரு நாள் சாப்பாடு விடலாம், அது எதிர்பார்க்கக்கூடியது.

இப்போது முக்கியமான எதிரி: அம்மோனியா. மருத்துவத் தொட்டியில் மீன் இறப்பது பெரும்பாலும் நோயால் அல்ல, அம்மோனியாவால். பெருந்தொட்டியின் சம்பில் (வடிகட்டித் தொட்டியில்) ஊறிய ஸ்பான்ஜ் இருந்தால் அதைப் போடுங்கள். மீன்களிடம் ஏற்கெனவே அதே நோய்தான், காப்பரும் ஓடுகிறது, அதனால் பரவாயில்லை. தினமும் அளங்கள். 0.25 தெரிந்தால் 20 லிட்டர் மாற்றுங்கள். புது நீரில் முன்கூட்டியே 45 மி.கி. காப்பர் கலந்துவிட்டு ஊற்றுங்கள், இல்லையென்றால் அளவு சரியும். அம்மோனியாவைக் கட்டும் திரவங்களைக் காப்பர் உள்ள நீரில் ஊற்றாதீர்கள். அவற்றில் பலவும் காப்பரை அதிக நச்சுள்ள வடிவமாக மாற்றிவிடும்.

பவளமேடை:

உவர்நீர் சொன்னதெல்லாம் சரிதான், ஆனா இந்த ஆறு மீனுக்கு நான் காப்பர் எடுக்க மாட்டேன். மூச்சும் நடத்தையும் பார்த்தா வெல்வெட் இல்ல. வெண்புள்ளியும் புழுவும் மட்டும்னா தொட்டி மாற்று முறைக்கு இதைவிடப் பொருத்தமான நேரம் கிடைக்காது. ஃப்ளேம் ஏஞ்சலும் சிக்ஸ்லைனும் காப்பர்ல சாப்பாட்டை நிறுத்தறது அடிக்கடி நடக்கறதுதான். ஏஞ்சல் இப்பவே பட்டினி கிடக்கு.

கணக்கு இதுதான். மீனை விட்டு இறங்கின ஒட்டுண்ணி கூடு கட்டிக் குஞ்சு பொரிக்கக் குறைஞ்சது 3 நாள் ஆகும். அந்த 72 மணி நேரம் முடியறதுக்குள்ள மீனை வேற தொட்டிக்கு மாத்திட்டா கூடு பழைய இடத்துலயே நின்னுடும். மீன் மேல இருக்கறது 7 நாளுக்குள்ள தானா இறங்கிடும். 1, 4, 7, 10 நாள்கள்ல ஒவ்வொரு முறையும் புதுத் தொட்டி, 13ஆம் நாள் கடைசித் தொட்டி. ரெண்டு பிளாஸ்டிக் தொட்டி, ரெண்டு செட் ஹீட்டர், காற்றுக் கல் இருந்தா மாத்தி மாத்தி ஓட்டலாம். ஒரு தடவைக்கு 60 லிட்டர்னா மொத்தம் 300 லிட்டர் உப்புநீர், 60க்கு ஏறக்குறைய 2.2 கிலோ உப்பு. புதுத் தண்ணியா இருக்கறதால அம்மோனியா ஏறறதுக்குள்ள மீன் மாறிடும். ப்ராசியை ரெண்டாவது, நாலாவது தொட்டியில போட்டா நடுவுல 6 நாள் இடைவெளி தானா வந்துடும், முட்டையும் பழைய தொட்டியோட போயிடும்.

எங்க தோக்கும்னா, ஈரத்துல. பழைய தொட்டியில தொட்ட வலை, ஹீட்டர், எல்போ, கை எதுவும் ஈரத்தோட புதுசுக்குப் போகக் கூடாது. காலி பண்ணின தொட்டியைக் கழுவித் துடைச்சு, குறைஞ்சது 24 மணி நேரம் காய விடணும். பழைய தண்ணி ஒரு கரண்டி சேர்ந்தாலும் எல்லாம் முதல்லேருந்து. மாத்தறதைப் பகல்லயே முடிச்சுடுங்க, ராத்திரி ஒட்டுண்ணி இறங்கற நேரத்தைத் தாண்ட விடாதீங்க.

உப்பைக் குறைக்கற முறையைச் சொல்ல யாராவது வருவாங்க. அடர்த்தி 1.009ல நிறுத்தணும், 1.011 ஆனாலும் ஒட்டுண்ணி பிழைக்கும், சில வகைகள் 1.009லயும் பிழைக்குது. உப்படர்த்தி அளக்கற ரிஃப்ராக்டோமீட்டரைத் தூய நீர்ல பூஜ்யத்துக்குச் சரி பண்ணியே ஆகணும். பி.எச்.சும் சரியும். முதல் தடவை செய்யறவங்களுக்கு இது வேண்டாம்.

உவர்நீர்:

ஏஞ்சலின் பட்டினியைக் கணக்கில் எடுத்தால் பவளமேடை சொல்வது நியாயம், நானும் அதையே செய்யச் சொல்வேன். ஒரே நிபந்தனை: வழியில் எந்த மீனாவது பம்ப் முன் நின்றாலோ, மூச்சு 120ஐத் தாண்டி ஏறினாலோ அது வெல்வெட்டாக இருக்கக்கூடும், தொட்டி மாற்று முறை அதற்கு உதவாது. அன்றே காப்பருக்கு மாறுங்கள். அதற்கு முன் 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு லிட்டருக்கு 2.5 மி.லி., தனி வாளியில் 30 நிமிடம் கொடுத்தால் உடம்பிலுள்ள சுமை குறையும், காப்பர் ஏறும்வரை நேரம் கிடைக்கும். ஏஞ்சலின் 128 புழுவாலும் வந்திருக்கலாம். குளியலுக்குப் பிறகு குறைந்ததா என்று நாளை காலை எண்ணிச் சொல்லுங்கள்.

நீலத்திரை:

காலையில எண்ணினேன். ஏஞ்சல் 96, ரெண்டு கடி மைசிஸ் (குட்டி இறால் தீனி) எடுத்துச்சு. தொட்டி மாற்றுதான் செய்யப் போறேன், நேத்தே தண்ணி கலந்தாச்சு. பெருந்தொட்டியை எத்தனை நாள் மீனில்லாம விடணும்? பவளத்துக்கும் பாக்டீரியாவுக்கும் பட்டினி ஆகாதா?

நுண்ணோக்கி:

128லிருந்து 96க்கு இறங்கியது நல்ல செய்தி, செவுளிலும் புழு இருந்திருக்கிறது. ப்ராசியை விட்டுவிடாதீர்கள்.

பெருந்தொட்டிக்கு 76 நாள். பெரும்பாலான கூடுகள் 4 வாரத்துக்குள் பொரித்துவிடும். ஆனால் 72 நாள் வரை குஞ்சு வெளிவந்தது பதிவாகியிருக்கிறது, அதனோடு நாலு நாள் கூட்டியதுதான் இந்த எண். மீன் கிடைக்காத குஞ்சு ஓரிரு நாளில் சாகும். புழு முட்டைகளும் அதற்குள் பொரித்து, இடமின்றி முடிந்துவிடும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில் கூட்டின் வளர்ச்சி தடைபடும் என்பதால் மணலில் கழிவு தேங்கிய மூலைகளைக் குழாயால் உறிஞ்சுங்கள், வெப்பத்தை 26, 27ல் நிலையாக வையுங்கள், குறைக்காதீர்கள்.

பாக்டீரியாவுக்கு இரண்டு நாளுக்கு ஒருமுறை ஒரு சிட்டிகை மீன் தீனி போதும், இறாலும் அதையே தின்னும். மீன் கழிவு இல்லாததால் நைட்ரேட், பாஸ்பேட் பூஜ்யத்துக்கு இறங்கினால் பவளம் வெளிறும். வாரம் ஒருமுறை அளந்து, தீனியை அதற்கேற்பக் கூட்டுங்கள்.

76 நாளில் புதுப் பவளம், நத்தை எதையும் சேர்க்காதீர்கள். கூடு ஓட்டின் மீதும் பவளத் தண்டின் மீதும் ஒட்டி வரும். மருத்துவத் தொட்டிக்கும் பெருந்தொட்டிக்கும் தனித்தனி வலை, தனி வாளி. காற்றுக் குமிழி வெடித்துத் தெறிக்கும் துளியில் வெல்வெட் 3 மீட்டர் வரை பரவியது ஆய்வில் பதிவானது, ஆகவே முடிந்தால் வேறு அறை. நாள் எண்ணிக்கை கடைசி மீன் வெளியேறிய மணியிலிருந்து. ராஸ் பாறைக்குள் ஒளிந்துகொண்டு இரண்டு நாள் கழித்துச் சிக்கினால், அன்றுதான் முதல் நாள்.